வெறும் ஜார்

டொம் என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொம். கூடத்தின் கடைசியில், பொத்தான்கள் மொய்த்த மேசைக்குப் பின்னால் நின்ற தாடிக்காரன் இன்னும் ஒன்று என்று விரலைக் காட்ட, மேடையில் உட்கார்ந்திருந்த கோரி காலடியிலிருந்த பெரிய மேளத்தை மறுபடி மிதித்தான். டொம். வந்ததிலிருந்து இதே கதைதான். ஒரு மேளம் கொட்டுகிறதா இல்லையா என்று பார்க்க இத்தனை நேரமா, ஊரில் மாரியம்மன் பொங்கலுக்கு வருகிற மேளக்காரர்கள் தோலை நெருப்பில் காட்டி இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பார்கள், மூன்றாவது தட்டுக்குச் சாமியே இறங்கிவிடும், என்று நினைத்தபடி தங்கபுஷ்பம் மேடையோரம் போட்டிருந்த மடக்கு நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உயரமான ஸ்டூலின் மேல் அவளுடைய மிக்ஸி. மிக்ஸிக்கு எதிரே, மந்திரிக்கு வைத்த மாதிரி பவ்யமாக, ஒரு மைக். சிகாகோவில் இருக்கும் இந்தப் பழைய தியேட்டரில் இன்று சாயங்காலம் அவள் மகன் வேல்ராஜும் அவனுடைய பள்ளிக்கூடத்துச் சேக்காளிகள் மூன்று பேரும் இருபத்துச் சொச்சம் வருஷத்துக்கு அப்புறம் ஒன்றுசேர்ந்து பாடப்போகிறார்கள். அதில் ஒரு பாட்டுக்கு நடுவே அவள் மிக்ஸி போட வேண்டும். சிரிக்க வேண்டாம், அவளே சிரித்து ஓய்ந்த விஷயம் அது. வீட்டுக்கு அடியில் இருந்த பேஸ்மென்ட்டில் பையன்கள் அந்தப் பாட்டைப் பதிவு செய்த அன்றைக்கு, மேலே சமையலறையில் அவள் போட்ட மிக்ஸிச் சத்தமும் கூடவே பதிவாகி, அது பாட்டைவிடப் பிரபலமாகிவிட்டது. தற்செயலாக நடந்தது என்று கேட்டவர்கள் எல்லாரும் நம்புகிறார்கள். வேலுவும் அப்படித்தான் நம்புகிறான், அல்லது அவன் நம்புகிறான் என்று அவள் நம்புகிறாள். அவள் வேண்டுமென்றேதான் போட்டாள். மகன் பாடிய ஒரு வரி அடுத்தவர் காதில் விழக்கூடாது என்று போட்டாள். அதைத் தெரிந்துகொண்டுதான் இப்போது கூப்பிட்டு, இத்தனை பேர் முன்னால் மறுபடி போடு என்கிறானா, இல்லை, ஒன்றும் தெரியாமல் பெற்றவளுக்கு ஒரு மாலை மரியாதை செய்கிறானா, டொம், இதைத்தான் வீடு இருக்கும் பியோரியாவிலிருந்து காரில் வரும் வழியெல்லாம் சோளக்காட்டைப் பார்த்தபடி அவள் மனசுக்குள் அரைத்துக்கொண்டு வந்தாள்.

கோரிக்குத் தலையில் இப்போது முடியில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை, இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவளுக்குக் காரே ஓட்டத் தெரியுமாம். ஆனாலும் மேளத்துக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் பதினைந்து வயசு முகம் திரும்ப வந்துவிடுகிறது, கொசுவைத் தேடித் தேடி அடிப்பவன் முகம். அந்தப் பக்கம் கித்தாரோடு குனிந்து நிற்கிற நேதன் அன்றைக்கும் சரி இன்றைக்கும் சரி, கேட்ட கேள்விக்குத் தரையைப் பார்த்துத்தான் பதில் சொல்லுவான். தடித்த கம்பி போட்ட கித்தார் ஹெக்டருடையது. அவள் வீட்டு ரசத்தைத் தம்ளரில் கேட்டு வாங்கிக் குடித்த ஒரே வெள்ளைக்கார... இல்லை, அவன் மெக்சிகோக்காரன், அதனால்தான் அந்த நாக்கு. முதலில் நேதன் வீட்டு பேஸ்மென்ட்டில்தான் ஆரம்பித்தார்கள். அங்கே வெள்ளம் புகுந்ததும் தட்டுமுட்டுச் சாமானோடு இவள் வீட்டுக்கு வந்தார்கள், துணி துவைக்கிற மெஷினுக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் நடுவில் ஒரு பழைய ஜமுக்காளத்தை விரித்து, ஒரு வாரம்தான் ஆன்ட்டி என்று. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், இவர்கள் ஆறு வருஷம் இருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளைகளை எப்படிப் போகச் சொல்லுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊரில் என்றால் இன்னொரு தட்டு வைத்துவிடலாம், இந்த ஊரில் அப்படிச் செய்யலாமா கூடாதா. எதிர்வீட்டு வெள்ளைக்கார அம்மா சொல்லிக்கொடுத்தாள், மாடிப்படியில் நின்று ஸாரி, டின்னர் டைம் என்று சொன்னால் போதும், அவர்களே போய்விடுவார்கள். இவளும் படியின் மேல் நின்று தினமும் கத்தினாள், "ஸாரி, டின்னர் டைம்!" ஒருத்தன் போகவில்லை, நாலு பேரும் கையைக் கழுவிக்கொண்டு மேலே வந்தார்கள், கடைசியில் தட்டுதான் வைத்தாள். பள்ளிக்கூடத்தில் முதல் கச்சேரிக்குப் பெயர் கேட்டபோது அதையே எழுதிக்கொடுத்துவிட்டார்கள். ஸாரி டின்னர் டைம். தெருவிளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸில் தன் சொந்தக் கூச்சலைப் படித்துவிட்டு அவள் காரை ஓரமாக நிறுத்தினாள், சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இப்போது ஞாபகமில்லை.

டொம் நின்று இப்போது டப் ஆரம்பித்தது, சின்ன மேளம். இதற்கும் அரை மணி நேரம் பிடிக்கும். இந்த மாதிரிப் பாட்டுக்கு எமோ என்று பெயர், அதை அவள் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டாள். "எமோன்னா என்னடா?" என்று கேட்டதற்கு வேலு, "ஃபீலிங்ஸ்மா, மனசுல இருக்கறத அப்படியே பாடறது" என்றான். "அப்ப மத்தவங்கல்லாம் என்ன, வாய்ப்பாடா பாடுதாங்க?" என்றாள். அவன் சிரித்தான், அந்த வயசில் அவன் சிரித்த சிரிப்புகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மனசில் இருப்பது என்ன என்று அவள் கேட்டதில்லை. கேட்கவும் வழியில்லை, வார்த்தை மேலே வராது. தரை வழியாக மேளமும் ஹெக்டரின் தடித்த கம்பியும் மட்டும்தான் ஏறி வரும். அடுப்படியில் நிற்கும்போது உள்ளங்காலில் வந்து தட்டும், தாளிப்புக் கரண்டி கொக்கியில் ஆடும், தம்ளர் ரசத்தில் வட்டம் வட்டமாக எழும்பும். மகனுடைய குரல் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ அழுகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அப்படியே ஒரு பாட்டு விடாமல் எல்லாம் அவளுக்குக் காலால் மனப்பாடம். எந்த இடத்தில் வேகம் பிடிக்கும், எந்த இடத்தில் கோரி தப்பு விடுவான், எல்லாம். அவர்கள் வேன் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பியபோது வீடு அமைதியாகிவிட்டது, ரசம் அசையாமல் இருந்தது, அவளுக்குத்தான் ஒரு மாதிரியாக இருந்தது. சர்ச்சுக் கூடம், பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறை, ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர்களின் மன்றம், ஒஹாயோவில் யார் வீட்டிலோ கார் நிறுத்துகிற கொட்டகை. முப்பது பேர் வந்தால் பெரிய கூட்டம். அலுமினியத் தட்டில் புளியோதரை கட்டிக் கொடுப்பாள், மூன்று நாள் தாங்கும். வழியில் எங்காவது இருந்து போன் வரும், முதலில் ஹெக்டர்தான் பேசுவான், அம்மா தீர்ந்துபோச்சு என்பான். தன் படுக்கையறையிலிருந்தே கம்பெனி நடத்திய ஒரு பையன் ஒரு ஆல்பம் போட்டான், ஒன்றே ஒன்று. பிறகு ஒரு கோடையில் நெப்ராஸ்காவில் பெட்ரோல் பங்கு வாசலில் சண்டை வந்து பிரிந்தார்கள். மிச்சமிருந்த புளியோதரையை யாரையும் கேட்காமல் யார் தின்றது என்பதில் ஆரம்பித்ததாம். புளியோதரைக்காக யாராவது பிரிவார்களா, உள்ளே வேறென்னவோ இருந்திருக்கும், வருஷக்கணக்காக ஒருத்தன் வியர்வையை ஒருத்தன் முகர்ந்துகொண்டு ஒரே வேனில் போனால் புருஷன் பெண்டாட்டிக்கே ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் அதற்கப்புறம் அவள் புளியோதரை கிளறவில்லை.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள். வேலு படித்தான், மினியாப்பொலிஸில் வேலை, கல்யாணம், எல்லாம் முறைப்படி. இன்டர்நெட் என்று ஒன்று வந்து சும்மா கிடந்த பாட்டை எல்லாம் கிண்டி எடுத்துவிட்டது. இன்று மத்தியானம் வந்து இறங்கும்போதே தியேட்டர் வாசலில் பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், பாதிப் பேர் அந்தப் பாட்டு வந்தபோது பிறந்தேயிருக்கமாட்டார்கள். எல்லார் பனியனிலும் அவள் வீட்டுச் சமையலறைச் சுவர். ஆல்பத்தின் அட்டைப் படம் அதுதான்: சுருள் சுருளாக வயர் தொங்குகிற மஞ்சள் டெலிபோன், அதன் பக்கத்தில் சிவகாசி காலண்டர். ஒரு பையன் அவளை வணங்கி, சட்டைக் கையை மடக்கிக் காட்டினான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, பிசகில்லாத தமிழில், பச்சை குத்தியிருந்தான்: பால்பாண்டி பாத்திர மாளிகை, தெற்கு ரத வீதி. காலண்டரில் கீழே இருந்ததை மந்திரம் என்று நினைத்துவிட்டான் பாவி. அர்த்தம் என்ன என்று கண் பளபளக்கக் கேட்டான். எவர்சில்வர் குடம் விற்கிற கடை என்று எப்படிச் சொல்லுவது, "நல்ல இடம்" என்றாள். பிறகு அவன் இன்னொன்று கேட்டான், எல்லாரும் கேட்கிறதுதான்: "அந்தச் சத்தத்துக்கு அடியில என்ன பாடறார்? உங்களுக்காவது தெரியுமா?" தெரியாது என்று தலையை ஆட்டினாள். பொய்யில்லை. சத்தத்துக்கு முந்தின இரண்டு வரிதான் தெரியும். அதற்குப் பின்னால் அவன் என்ன பாடினான் என்பது, சத்தம் போட்டவளே அவள்தான் என்பதால், அவள் காதிலும் விழவில்லை.

ஹெக்டர் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவள் காலடியில் மேடை மேலேயே உட்கார்ந்தான், முழங்கால் சடசடவென்றது. "பயமா இருக்கா அம்மா?" என்று இங்கிலீஷில் கேட்டான், அம்மா மட்டும் தமிழ். "எனக்கென்ன பயம், மிக்ஸிக்குத்தான் பயம்" என்றாள். அவன் சிரித்துவிட்டுத் தோளில் தொங்கிய கித்தாரின் கம்பியைத் திருகினான். "உங்களுக்குத் தெரியுமா, அந்த வரியை வேல் மேடையில பாடினதே இல்ல. அத்தனை ஊர் போனோம், ஒரு தடவைகூட இல்ல. அந்த இடம் வந்தா மைக்கை விட்டு ஒதுங்கிருவான், நாங்க மூணு பேரும் சும்மா சத்தம் போடுவோம்." அவள் ஏன் என்று கேட்குமுன் அவனே சொன்னான்: "கேட்டா, அது அம்மா இடம்னு சொல்லுவான்." அவனை யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போனான். அம்மா இடம். இதை எந்தப் பக்கமிருந்து எடுத்துக்கொள்வது. பாசத்தில் சொன்னால் ஒரு அர்த்தம், பொருமலில் சொன்னால் ஒரு அர்த்தம். தங்கபுஷ்பம் பாட்டில் மூடியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

அந்த மஞ்சள் டெலிபோன். டிராக்டர் செய்கிற கம்பெனியில் இன்ஜினீயராக இருந்த அவள் புருஷன் செல்லத்துரை, அக்கா மகள் கல்யாணம் என்று மதுரைக்குப் போனவர், போனவர்தான். ஒரு போன் வந்தது, நீயும் பயலும் அங்கனயே இருந்துக்கோங்க என்று, ஏதோ பஸ்ஸில் இடம் இல்லை, அடுத்த பஸ்ஸில் வாருங்கள் என்பது போலச் சொன்னார். கோயம்புத்தூரில் இன்னொரு குடும்பம் இருந்தது பின்னால்தான் தெரிந்தது. வேலுவுக்கு அப்போது பதினாலு வயசு. அவளுக்கு அழுகையைவிட முதலில் வந்தது யோசனை, யாருக்கும் தெரியக்கூடாது. ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் முப்பது குடும்பம், அறுபது வாய். கம்பெனியில் வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள், வருகிறார் போகிறார், என்று சொல்லிவைத்தாள். வீட்டுக்கு யாராவது வந்தால் அவர் வெளியூர். போன் வந்தால் அவர் குளிக்கிறார். மகனைத்தான் எடுக்கச் சொல்லுவாள், தன் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். "கூப்பிடறது யாருன்னு மரியாதையாக் கேளு. அப்பா குளிக்காங்கன்னு சொல்லு." அவனும் சொல்லுவான், அப்பா குளிக்கறாங்க அங்கிள், அப்போதுதான் உடைந்துகொண்டிருந்த தொண்டையில், பாதி வார்த்தை ஆணாகவும் பாதி குழந்தையாகவும் வரும். அவன் பேசுகிற நேரத்தில் அவள் ஓடிப்போய்க் குளியலறை ஷவரைத் திறந்துவிடுவாள், அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்கட்டுமே என்று. போன் வைக்கும்வரை குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பாள். அவருடைய நீலக் கட்டம் போட்ட துண்டைக்கூட வாராவாரம் துவைத்துக் காயப்போட்டுக் கதவில் மாட்டிவைத்தாள், வருகிறவர்கள் கைகழுவப் போனால் பார்க்கட்டும் என்று. ஒரு மனுஷன் எத்தனை நாள்தான் குளிப்பான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை, மறைத்தவளுக்குத்தான் அது தெரியாது.

பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயரே போனில் அவன் கேட்கிற அந்தக் கேள்விதான், யார் பேசுவதென்று தெரிந்துகொள்ளலாமா. இந்தக் கூட்டத்தார் பாட்டுக்கு வைக்கிற பெயரெல்லாம் ஒரு முழ நீளம் இருக்கும், அதனால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் குளிர்காலத்தில் பேஸ்மென்ட் சுவரெல்லாம் பழைய மெத்தையைச் சாத்திவைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். மேளம், கித்தார் எல்லாம் முன்னாலேயே முடிந்துவிட்டது, அன்றைக்கு வேலுவின் குரல் மட்டும். மேலே பொங்கல் விழா பேச கோமதியக்காளும் அவள் வீட்டுக்காரரும் பனியில் பூட்ஸைத் தட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். கோமதியக்காள் சங்கத்துக்கு மட்டுமா செயலாளர், யார் வீட்டு விஷயத்துக்கும் அவள்தான் செயலாளர். எண்ணெயில் வடை கிடந்தது. எப்போதும் தரையைத் தட்டுகிற மேளம் இல்லை. பையன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாகப் பாடுகிறான், தனக்குச் சங்கீதம் கேட்கிறது, மற்றவர்களுக்கு வெறும் குரல் மட்டும் கேட்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. டெலிபோனுக்குக் கீழே தரையில் ஹீட்டர் காற்று வருகிற இரும்புச் சல்லடை. அதன் வழியாக, பக்கத்தில் நின்று சொல்லுகிற மாதிரி, முதல் தடவையாக அவளுக்கு மகனுடைய வார்த்தை கேட்டது. எங்கப்பா குளித்துக்கொண்டிருக்கிறார். இங்கிலீஷில்தான், ஆனால் கோமதியக்காளுக்கு இங்கிலீஷ் தெரியாதா என்ன. நாலு வருஷமாகக் குளித்துக்கொண்டிருக்கிறார். கோமதியக்காள் தலை நிமிர்ந்தது. அதற்கப்புறம் தங்கபுஷ்பத்துக்கு யோசித்த ஞாபகமே இல்லை. கை மிக்ஸிக்குப் போனது, ஜாரை வைத்தது, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூன்றில் திருகியது. உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் ஜார். வீடே கிறீச்சிட்டது. கீழே அவன் வாய்க்கு என்ன வந்ததோ எல்லாம் அந்தச் சத்தத்துக்குள் போயிற்று. வெறும் ஜாரை சிங்க்கில் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். வேலு படியேறி வந்து, "என்னம்மா சத்தம்?" என்றான். "சட்னிடா." அவன் அவளைப் பார்த்தான், விருந்தாளிகளைப் பார்த்தான், ஓ என்றான், இறங்கிப் போய்விட்டான். பிறகு வடையைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். யார் வீட்டில் சாப்பிட்டாலும் உப்புக்கு ஒரு சொல், காரத்துக்கு ஒரு சொல் சொல்லாமல் எழுந்திருக்காத கோமதியக்காள் வெறும் வடையைப் பிட்டுத் தின்றுவிட்டு, "நல்லாருக்கு புஷ்பம்" என்றாள். சட்னி எங்கே என்று அவள் கேட்கவில்லை. டப், என்றது சின்ன மேளம். கேட்கவே இல்லையே. இத்தனை வருஷத்தில் இந்த ஒன்று ஏன் தோன்றாமல் போயிற்று என்று தங்கபுஷ்பம் பாட்டிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கோமதியக்காளுக்கு அப்போதே தெரியும். அதற்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். முப்பது குடும்பத்துக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் வருஷா வருஷம் பொங்கல் அழைப்பில் திரு. செல்லத்துரை குடும்பத்தார் என்றே எழுதிக் கொடுத்தார்கள்.

"ஓகே, அந்த பிளெண்டரைக் கேக்கலாமா?" என்றான் தாடிக்காரன். பிளெண்டராம். மிக்ஸி என்று சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா. வெறும் ஜாரை ஓட்டினால் மோட்டார் போய்விடும் என்று ஒரு டப்பாவில் தேங்காய்ச் சில்லும் பொட்டுக்கடலையும் இரண்டு பச்சை மிளகாயும் எடுத்து வந்திருந்தாள். போட்டு மூடினாள், கிளிப் உடைந்துபோனதால் மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துத் திருகினாள். கரகரவென்று அந்தப் பெரிய கூடமெங்கும் சட்னி அரைபட்டது. பச்சை மிளகாய் வாசனைக்கு நேதன் தும்மினான். தாடிக்காரன் தலையை ஆட்டினான். "இது இல்லையே. ரெக்கார்டுல இருக்கறது வேற. அது இன்னும் மேல போகும், கத்தற மாதிரி. வேற மெஷினா?" அதே மெஷின்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வேலு கித்தாரைக் கழற்றி வைத்துவிட்டு மேடையின் குறுக்கே நடந்து வந்தான். காதோரம் நரைத்திருந்தது, நடை மட்டும் அவருடைய நடை, அதை அவனிடம் சொன்னதில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். "அம்மா, உள்ள ஒண்ணும் போடாத. வெறும் ஜார்."

"வெறும் ஜார ஓட்டுனா மோட்டார் போயிருமேய்யா."

"அன்னைக்குப் போகலையே" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். ஜாரை அவனே எடுத்து, பாதி அரைபட்ட தேங்காயை டப்பாவில் தட்டிக் கொட்டி, விரலால் ஓரத்தை வழித்து நக்கிப் பார்த்துவிட்டு, "உப்பு போடல" என்று சொல்லி எழுந்து போனான்.

அன்னைக்குப் போகலையே. தெரியும் அவனுக்கு. தெரியாமல் எப்படி இருக்கும், பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு எழுந்தவன், தேங்காய்க்கு ஒரு சத்தம், மாவுக்கு ஒரு சத்தம், மிளகுக்கு ஒரு சத்தம், படுக்கையில் இருந்தே இன்றைக்கு என்ன டிபன் என்று சொல்லுகிற பிள்ளை. சட்னிடா என்று அவள் சொன்னபோது அவன் சொன்ன ஓ இருக்கிறதே, அது தெரிந்த ஓ. பதினெட்டு வயசில் அந்த ஓவை விழுங்கிக்கொண்டு படியிறங்கிப் போயிருக்கிறான். மெத்தைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்து என்ன செய்தான், அழுதானா, எனக்கென்ன என்று இருந்தானா. இன்னொரு தடவை பாடிப் பதிந்திருக்கலாம், அவன் செய்யவில்லை. ஊர் ஊராகப் போய் அந்த இடம் வந்தால் மைக்கை விட்டு ஒதுங்கியிருக்கிறான், அவள் இல்லாத ஊரிலும், அவர்களை யாரென்றே தெரியாத ஒஹாயோவிலும். டெலிபோனில் அப்பா குளிக்கிறார் என்று சொன்ன அதே பையன், அவள் சொல்லாமலேயே அதற்கப்புறமும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அவளுக்கு வாய்விட்டு ஐயோ என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. மைக் இருக்கிறதே என்று சொல்லவில்லை. எழுந்து போய்விடலாமா, காரில் போய் உட்கார்ந்துகொள்ளலாமா. அப்படிப் போனால் அதுவும் ஒரு மிக்ஸிதான். உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றி வெறுங்காலை மேடைப் பலகையில் வைத்துக்கொண்டாள்.

பாட்டை முழுதாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார்கள். நேதன் ஆரம்பித்தான், குழாய் சொட்டுகிற மாதிரி ஒவ்வொரு கம்பியாக. காதுக்கு முன்னால் அவள் உள்ளங்காலுக்குத் தெரிந்துவிட்டது, இதோ இப்போது ஹெக்டர் வருவான், வந்தான், இதோ கோரி ஒரு தட்டுப் பிந்துவான், பிந்தினான், இத்தனை வயசாகியும் திருந்தவில்லை. ஆனால் இப்போது வார்த்தையும் கேட்டது. டெலிபோன் அடிக்கிறது என்று பாடினான். மரியாதையாகக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாடினான். நாற்பது வயசைத் தாண்டிய குரல், ஆனாலும் அந்த இடத்தில் லேசாக உடைந்தது, வேண்டுமென்று உடைத்தானோ என்னவோ. அவள் கை மிக்ஸியின் திருகில் இருந்தது. எங்கப்பா குளித்துக்கொண்டிருக்கிறார். கோரி அவளைப் பார்த்தான். நாலு வருஷமாகக் குளித்துக்கொண்டிருக்கிறார். கோரி தலையை அசைத்தான், இப்போது. வேலுவும் திரும்பிப் பார்த்தான், வாயை மைக்கிலிருந்து பாதி விலக்கி, இத்தனை வருஷமும் ஒதுங்கிக்கொண்ட மாதிரியே ஒதுங்கத் தயாராக. அவள் திருகிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் அந்தக் கையையே பார்த்தான். ஒரு சுற்று வெறும் கித்தார் போயிற்று. பிறகு மைக்குக்குத் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு, அவள் கேட்டேயிராத அடுத்த வரியைப் பாடினான்.

அம்மா கதவுக்கு வெளியே நிற்கிறாள், கையில் துண்டு, யாரும் துவட்டிக்கொள்ளாத துண்டு. அம்மா, நீ போய் உட்காரேன், கொஞ்ச நேரம் நான் நிற்கிறேன்.

இதைத்தான் அவள் அரைத்துத் தள்ளியிருக்கிறாள். ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து மூடிய அந்த வரியில் அவள் மேல் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. அந்தப் பதினெட்டு வயசுப் பிள்ளை அவளை உட்காரச் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள், துடைக்கத் துடைக்க மங்கிக்கொண்டே போனது. மிக்ஸி வரும் என்று காத்திருந்த கோரி கையைத் தூக்கியபடியே நிறுத்திவிட்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். "என்னாச்சு, பிளெண்டர் வேலை செய்யலையா?" என்று கூடத்தின் கடைசியிலிருந்து தாடிக்காரன் கேட்டான். வேலு தன் மைக்கில் வாயை வைத்தபடியே, தமிழில், சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டான்.

"அம்மா, போடலையா?"

அவள் எட்டி மிக்ஸியின் வயரைப் பிடுங்கினாள். மிக்ஸிக்கு வைத்திருந்த மைக் அவள் வாய்க்கு நேராகத்தான் இருந்தது. அதனால் அவள் வழக்கமான குரலில் மகனுக்கு மட்டும் சொன்னது அந்தத் தியேட்டர் முழுக்க, கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"இல்லய்யா. அப்பா குளிச்சு முடிச்சு எப்பவோ போயாச்சு. நீ மொதல்லேருந்து பாடு."